நகரத்து இரைச்சலை அளக்கும் கைபேசிச் செயலி: எந்த எண்ணை நம்பலாம், எதை விட்டுவிடலாம்

இரைச்சலைப் பற்றி முறையிடச் செல்பவரிடம் முதலில் கேட்கப்படுவது "எவ்வளவு சத்தம்?" என்ற கேள்விதான். "தாங்க முடியவில்லை", "தூங்க முடியவில்லை" என்ற பதில்கள் முழு உண்மையாக இருந்தாலும் அவற்றைக் கோப்பில் பதிய வழியில்லை. குப்பைக்கும் புகைக்கும் இருப்பதைப் போலக் கண்ணால் காணும் தடயம் ஒலிக்கு இல்லாததால், அது ஓய்ந்த மறுகணமே முறையீடும் வலுவிழந்துவிடுகிறது. இந்தக் குறையைப் போக்க நான் நெடுநாளாகப் பயன்படுத்திவரும் நியோஷ் சவுண்ட் லெவல் மீட்டர் என்ற செயலியை இங்கே மதிப்பிடுகிறேன். அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் நலவாழ்வு நிறுவனம், சுருக்கமாக நியோஷ், 2017இல் வெளியிட்ட இச்செயலி ஐபோனில் மட்டுமே இயங்குகிறது. இதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

கைபேசியைக் கொண்டு ஒலியை அளக்க நான் அறிந்தவற்றுள் இதுவே நம்பத்தக்கது. ஆனால் இது ஆலையிலும் பட்டறையிலும் வேலை செய்வோரின் செவியைக் காக்க எழுதப்பட்ட செயலி. நகரத்தின் நடுவே தூங்க முயல்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதன்று. ஆகவே திரையில் தெரியும் எண்களுள் சிலவற்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடத் தெரிந்திருந்தால் மட்டுமே நகரவாசிக்கு இதனால் பயன் உண்டு.

முதலில் துல்லியம். ஆய்வகச் சோதனையில் இச்செயலியின் அளவு உண்மையான அளவிலிருந்து 2 டெசிபலுக்குள்தான் மாறுபடுகிறது என்று நியோஷ் கூறுகிறது. தனியாக ஓர் ஒலிவாங்கியை இணைத்து, அளவுத்திருத்தம் (அளவு தெரிந்த ஓர் ஒலியோடு ஒப்பிட்டுச் சரிசெய்தல்) செய்துகொண்டால் இன்னும் துல்லியம் கிடைக்கும். ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு இதை வெளியிடாததற்குக் காரணம், அவற்றில் ஒலிவாங்கிகளும் உள்ளமைப்பும் மாடலுக்கு மாடல் வேறுபடுவதால் எல்லாவற்றுக்கும் ஒரே துல்லியத்தை உறுதி சொல்ல முடியாது என்பதே. பலருக்கு இது ஏமாற்றம் தரும். ஆயினும் உறுதி சொல்ல முடியாத இடத்தில் சொல்லாமல் விட்டதை நான் இச்செயலியின் நேர்மையாகவே கருதுகிறேன்.

அளக்கும்போது கைபேசியின் உறையைக் கழற்றிவிட்டு, ஒலிவாங்கித் துளையை விரல் மூடாதவாறு பிடித்து, உடலிலிருந்து கையை நீட்டி, தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் வைக்க வேண்டும். சுவரை ஒட்டி நின்றால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்து ஏறத்தாழ 3 டெசிபல் கூடிவிடும். காற்று வீசினால் அளக்காமல் இருப்பதே நல்லது. ஒலிவாங்கியில் மோதும் காற்றைச் செயலி சாலை இரைச்சலாகவே எண்ணிக்கொள்ளும்.

திரையில் எல்.ஏ.இ.க்யூ. (LAeq) என்று குறிக்கப்பட்டிருக்கும் எண்ணே நகரவாசிக்கு முதன்மையானது. அளக்கத் தொடங்கியதிலிருந்து அந்தக் கணம் வரை காதை வந்தடைந்த ஒலியாற்றலின் சராசரி அது. அதன் போக்கை ஒரு சாலைச் சந்திப்பில் நின்று பார்த்தால்தான் விளங்கும். பச்சை விளக்கு விழுவதற்கு முன்பே பின்வரிசை வண்டிகள் ஹாரனை அழுத்தத் தொடங்குகின்றன. உடனடி அளவைக் காட்டும் பெரிய எண் துள்ளி எழுந்து, ஓரிரு வினாடியில் பழைய இடத்துக்கு இறங்கிவிடுகிறது. சராசரி எண்ணோ அந்த ஓரிரு வினாடியில் ஏறிய உயரத்திலிருந்து எளிதில் இறங்குவதில்லை. வண்டிகள் எல்லாம் கடந்து போய், சாலை ஓரளவு அமைதியான பின்னும், அது மிக மெல்லத்தான் கீழே வருகிறது. டெசிபல் மடக்கை அளவு என்பதால் 10 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் 10 மடங்கும், 20 கூடினால் 100 மடங்கும், 30 கூடினால் 1000 மடங்கும் பெருகுகின்றன. சராசரியைத் தீர்மானிப்பது நீண்ட நேரம் ஒலிக்கும் மெல்லிய ஓசையன்று, குறுகிய நேரம் ஒலிக்கும் பேரோசையே.

இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஓரிடத்தில் ஒரு மணி நேரம் முழுவதும் போக்குவரத்தின் பொதுவான ஓசை 60 டெசிபலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மணி நேரத்தில் 90 டெசிபல் ஹாரன் ஒலி மொத்தமாக 36 வினாடி மட்டுமே கேட்கிறது. அதாவது நேரத்தில் நூற்றில் ஒரு பங்கு. அந்த மணி நேரத்தின் சராசரி 70 டெசிபலைத் தாண்டிவிடும். ஹாரனை நிறுத்தினால் சராசரி மீண்டும் 60க்கு வரும், ஏறத்தாழ 10 டெசிபல் குறையும். மாறாக, ஹாரனே இல்லாத ஒரு சாலையில் வண்டிகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தால், வேகம் மாறாதவரை, 3 டெசிபல்தான் குறையும். புதிய சாலையோ மேம்பாலமோ கட்டாமல், ஓட்டுநர்களின் கை ஒரு பொத்தானிலிருந்து விலகுவதாலேயே இவ்வளவு பெரிய மாற்றம் கிடைக்கும் என்பதை இந்தச் செயலி கண்முன் காட்டுகிறது. தேவையற்ற ஹாரனைத் தடுக்கும் விதிகளை நல்லொழுக்கப் பாடமாகப் பார்க்கும் மனநிலை மாற இந்த ஓர் எண் போதும் என்று நான் நம்புகிறேன்.

ஹாரன் அடங்கிய நெடுஞ்சாலையில் மிஞ்சுவது பெரும்பாலும் டயர் சாலையில் உராயும் ஓசை. கார்களைப் பொறுத்தவரை, மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டரைத் தாண்டியதும் எஞ்சினைவிட டயரின் ஓசையே ஓங்கிவிடுகிறது. மின்வண்டிகள் வந்துவிட்டால் நகரம் அமைதியாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு சந்துகளிலும் சிக்னல்களிலும் ஓரளவு நிறைவேறும். விரைவுச் சாலையில் நிறைவேறாது. அங்கே பயன் தருபவை வேகக் கட்டுப்பாடும் நுண்துளை கொண்ட தார்ப்பரப்பும்தான். 50 கிலோமீட்டர் வேகத்தை 30ஆகக் குறைத்தால் சுமார் 3 டெசிபல் குறையும். நுண்துளைத் தார் புதிதாக இருக்கும்வரை ஏறத்தாழ அதே அளவு குறைக்கும், துளைகளில் மண் அடைத்த பிறகு அதன் பயன் தேயும்.

நான் கடுமையாகக் குறை சொல்ல வேண்டிய இடம், "டோஸ்" என்று நூற்றுவீதத்தில் காட்டப்படும் அளவு, அதாவது ஒரு நாளில் செவிக்கு அனுமதிக்கப்படும் ஒலியில் எவ்வளவு சேர்ந்துவிட்டது என்ற கணக்கு. நியோஷ் விதிப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருப்பது 100 விழுக்காடு. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகும். ஆகவே 88 டெசிபலில் 4 மணி நேரம், 100 டெசிபலில் 15 நிமிடம். ஆலைத் தொழிலாளிக்கு இது மிகப் பயனுள்ள கணக்கு. ஆனால் இக்கணக்கில் 80 டெசிபலுக்குக் கீழுள்ள ஒலி சேர்த்துக்கொள்ளப்படுவதே இல்லை. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே இரவு முழுவதும் 70 டெசிபல் இரைந்தாலும் டோஸ் சுழியமாகவே நிற்கும். அதைப் பார்த்து "பாதிப்பு ஏதுமில்லை" என்று ஒருவர் நினைத்துவிட்டால், செயலி சரியாக அளந்தும் தவறான ஆறுதலைத் தந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பிய வட்டாரத்துக்காக 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், சாலைப் போக்குவரத்து ஓசை இரவில் வெளிப்புறத்தில் சராசரி 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று பரிந்துரைக்கின்றன. அந்நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் படுக்கையறைக்குள் 30 டெசிபலையே எல்லையாக வைத்தன. செவி கெடாத ஒலியிலும் தூக்கம் கெடும். தூக்கம் கெடும்போது இரத்த அழுத்தமும் இதயமும் பாதிப்புக்கு உள்ளாகின்றன. மேற்கு ஐரோப்பாவில் மட்டும் போக்குவரத்து இரைச்சலால் ஆண்டுதோறும் மக்கள் நலமாக வாழ்ந்திருக்கக்கூடிய ஆண்டுகளில் மொத்தம் குறைந்தது 10 லட்சம் இழக்கப்படுவதாக அதே நிறுவனம் 2011இல் கணித்தது. நகரவாசிகள் டோஸ் எண்ணைப் பாராமல் கடந்துவிட வேண்டும், எல்.ஏ.இ.க்யூ. எண்ணையும், "மேக்ஸ்" என்று காட்டப்படும் உச்ச அளவையும் மட்டும் குறித்துக்கொண்டால் போதும். தூங்குபவரைத் திடுக்கிட்டு எழச்செய்வது சராசரியன்று, அந்த உச்சமே.

பலர் திறந்தே பார்க்காத அமைப்புப் பகுதியில் ஒரு பயனுள்ள வசதி இருக்கிறது. செயலி வழக்கமாக ஏ என்ற அளவுகோலில் அளக்கிறது. அது மனிதச் செவியின் உணர்திறனைப் பின்பற்றித் தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்துக் கணக்கிடுவது. 63 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 26 டெசிபலைக் கழித்துவிடும். ஜெனரேட்டரின் உறுமலும், கொண்டாட்ட அரங்குகளின் ஒலிபெருக்கியிலிருந்து சுவரைத் துளைத்து வரும் தாளமும் இந்தத் தாழ்ந்த அதிர்வெண்களில்தான் இருக்கின்றன. கதவு அதிர்வதையும் நெஞ்சுக்குள் இடிப்பதையும் உணர்ந்துகொண்டே திரையைப் பார்த்தால், அதிலோ சாதாரணமான ஓர் எண் நிற்கும். அப்போது அமைப்பில், தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் கழிக்காத சி என்ற அளவுகோலுக்கு மாற்றிவிட்டு அதே இடத்தில் அளந்தால், எண் பெரிதாக ஏறுவதைக் காணலாம். இரண்டுக்கும் இடையே 15 அல்லது 20 டெசிபலுக்கு மேல் வேறுபாடு இருந்தால், அங்கே தாழ்ந்த ஒலியே சிக்கல் என்று கொள்ளலாம். தீர்வையும் இதுவே மாற்றுகிறது. மெல்லிய தடுப்போ திரைச்சீலையோ தாழ்ந்த ஒலியை நிறுத்தாது. ஜெனரேட்டரைக் கனமான சுவருள்ள, உட்புறம் ஒலியுறிஞ்சும் பொருள் பதித்த கூண்டுக்குள் வைத்து, அடியில் அதிர்வு தாங்கிகள் பொருத்தி, புகைக்குழாய்க்குத் தரமான சைலன்சர் போட வேண்டும். ஒலிபெருக்கி என்றால் அதைத் திருப்பிவைப்பது அவ்வளவாக உதவாது, ஏனெனில் தாழ்ந்த ஒலி எல்லாத் திசையிலும் பரவும். தாழ்ந்த ஒலியின் அளவையே குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வாங்கிய தீர்வு பலன் தருகிறதா என்று பார்க்கவும் செயலி உதவும். வெளியே ஓர் அளவு, ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே ஓர் அளவு. இரண்டின் வேறுபாடே அந்த ஜன்னலின் திறன். விலையுயர்ந்த இரட்டைக் கண்ணாடியைப் பொருத்திய பின்னும் வேறுபாடு குறைவாகவே இருந்தால், கண்ணாடியைக் குறை சொல்லும் முன் சட்டத்தைச் சுற்றியுள்ள இடைவெளிகளைப் பாருங்கள். 40 டெசிபல் தடுக்கவல்ல ஜன்னலின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், அது 20 டெசிபல் அளவுக்கே தடுக்கும். நேரத்தில் நூற்றில் ஒரு பங்கான ஹாரன் சராசரியை ஆள்வதைப் போலவே, பரப்பில் நூற்றில் ஒரு பங்கான இடைவெளி ஜன்னலை ஆள்கிறது. ரப்பர் பட்டையும் இடைவெளியை அடைக்கும் பசையும் பல வீடுகளில் புதிய கண்ணாடியைவிட அதிகம் உதவும். சாலையோரத் தடுப்புச்சுவர் வண்டியைக் கண்ணிலிருந்து மறைத்தால்தான் ஒலியையும் தடுக்கத் தொடங்கும். ஒற்றை வரிசை மரங்கள் மனத்துக்கு இதம் தரும், அளவில் மாற்றம் தெரியாது. உள்ளே அளக்கும்போது ஓர் எச்சரிக்கை: கைபேசி ஒலிவாங்கிகளுக்கே உள்ளார்ந்த இரைச்சல் உண்டு என்பதால், 30 டெசிபலை ஒட்டிய அளவுகளைப் பெரிதாக நம்பக்கூடாது.

ஒலி எவரிடமிருந்து வந்தது என்பதைச் செயலியால் சொல்ல முடியாது. ஒற்றை ஒலிவாங்கிக்குத் திசை தெரியாது. பாரிஸ் வட்டாரத்தில் இரைச்சலைக் கண்காணிக்கும் புரூயிபாரிஃப் அமைப்பு உருவாக்கிய மெதூஸ் என்ற உணரியில் நான்கு ஒலிவாங்கிகள் இருப்பது இதற்காகவே. ஒலி அவற்றை வந்தடையும் நேர வேறுபாட்டிலிருந்து அது வரும் திசை கணிக்கப்படுகிறது. சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டும் ஒரு மோட்டார் சைக்கிளைக் கூட்டத்தில் பிரித்தறிய அத்தகைய கருவியே வேண்டும். அதை வாங்க வேண்டியது நகர நிர்வாகம்.

முறையீட்டுக்கு இந்த அளவீடுகளைப் பயன்படுத்த விரும்புவோர், ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், இரைச்சல் இருக்கும்போதும் இல்லாதபோதும் அளந்து இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஒற்றை உச்ச எண்ணைக் காட்டினால் "அப்போது ஏதோ வண்டி போயிருக்கும்" என்று எளிதில் தள்ளிவிடுவார்கள். இரண்டு சராசரிகளின் வேறுபாட்டை அப்படித் தள்ள முடியாது. செயலியில் சேமிக்கும் அறிக்கை நாளையும் நேரத்தையும் தாங்கி வருவது இங்கே பெரிதும் கைகொடுக்கிறது. ஆயினும் அளவுத்திருத்தச் சான்று பெற்ற கருவிக்கு இணையாக இதை எந்த அலுவலகமும் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதிகாரிகள் தங்கள் கருவியோடு நேரில் வந்து அளக்கும்படி கேட்பதற்கான அடிப்படையாகவே இதைக் கொடுங்கள்.

அடுத்த பதிப்பில் நான் எதிர்பார்ப்பது, மாலை நேரத்துக்கு 5 டெசிபலும் இரவு நேரத்துக்கு 10 டெசிபலும் கூட்டிக் கணக்கிடும் பகல்-மாலை-இரவுச் சராசரி. ஐரோப்பிய நகரங்களின் இரைச்சல் வரைபடங்கள் அந்த அளவில்தான் வரையப்படுகின்றன. அது வரும்வரை இரவில் தனியாக அளந்து தனியாகக் குறித்துவைப்பதே வழி. ஆண்ட்ராய்டு வைத்திருப்போர், அளவுத்திருத்தத்தைத் தாமே மாற்றியமைக்க இடம் தரும் ஒரு செயலியைத் தேர்ந்து, சான்று பெற்ற ஒலி அளவியை ஒருநாள் இரவல் பெற்று, இரண்டையும் அருகருகே வைத்துச் சரிசெய்துகொண்டால், தங்கள் தெருவின் நேற்றையும் இன்றையும் ஒப்பிடும் அளவுக்கு அதை நம்பலாம்.