மாகாணத்துக்கு ஒரு அரசமைப்பு நீதிமன்றமா, நாட்டுக்கு ஒன்றா?

தென்னாப்பிரிக்காவில் நம் குவாசுலு-நடால் மாகாணச் சட்டமன்றம் 1996 மார்ச்சில் தனக்கென்று ஓர் அரசமைப்பை நிறைவேற்றியது. மாகாணத்துக்குத் தனி அரசமைப்பு நீதிமன்றமும் அதில் இருந்தது. இல்லாத அதிகாரத்தை மாகாணம் எடுத்துக்கொள்கிறது என்று ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 6-இல் அதற்குச் சான்றளிக்க மறுத்தது. டர்பனில் இன்னும் அந்தக் கனவை நினைப்பவர்கள் ஜெர்மனியைத்தான் காட்டுவார்கள்.

அங்கே 16 மாநிலங்களுக்கும் தனித்தனி அரசமைப்பு நீதிமன்றம் உண்டு. கடைசியாக 2008-இல் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் அமைத்துக்கொண்டது. பவேரியாவில் தனக்குப் பாதிப்பே இல்லாதவர்கூட மாநிலச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போடலாம். அருமையான வாசல்தான். ஆனாலும் என் ஓட்டு நம் முறைக்கே. காரணம் ஒன்று: தீர்ப்பு எதுவரை செல்லும் என்பது.

மூக்குத்தி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். டர்பன் பள்ளியில் படித்த தமிழ்ப் பெண் மூக்குத்தி அணியப் பள்ளி தடை சொன்னது. பாகுபாட்டு வழக்குகளை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றம் அவளுக்கு எதிராகச் சொன்னது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 2007 அக்டோபர் 5-இல் அரசமைப்பு நீதிமன்றம் அவள் பக்கம் நின்றது. கட்டாயச் சடங்கு மட்டுமல்ல, விருப்பத்தோடு காக்கும் வழக்கமும் பாதுகாப்புக்கு உரியது என்றது. அந்த விளக்கம் கேப் டவுன் பள்ளிக்கும் அன்றே பொருந்தியது. எண்ணிக்கையில் சிறிய, மாகாணந்தோறும் சிதறிய சமூகத்துக்கு இதைவிடப் பெரிய காப்பு வேறில்லை.

அதே 2007 ஜனவரியில், ஆசிரியர் உடையில் மத அடையாளத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் செல்லும் என்று பவேரிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒட்டுமொத்தத் தடை கூடாது என்று ஜெர்மனியின் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் சொன்னது 2015-இல், அதுவும் வேறொரு மாநிலச் சட்டத்தின் மேல். ஆசிரியரும் மாணவியும் ஒன்றல்ல என்பது சரி. ஆனால் மாநில எல்லை தாண்டினால் உரிமை மாறுகிறதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

நம் முறையில் வலிக்கும் இடம் காலதாமதம். மாகாணச் சட்டம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னாலும், அரசமைப்பு நீதிமன்றம் உறுதிசெய்யும்வரை அந்த உத்தரவுக்கு உயிரில்லை. உத்தரவின் நகலை 15 நாளுக்குள் உயர் நீதிமன்றப் பதிவாளர் அங்கே சேர்க்க வேண்டும். மாநகராட்சித் துணைவிதிக்கு இந்த உறுதிப்பாடு வேண்டாம்; பட்டாசு விதி போன்றவற்றில் உயர் நீதிமன்றத் தீர்ப்பே போதும்.

வழக்குகள் தடுமாறுவது பெரும்பாலும் தொடக்கத்திலேயே. அரசமைப்புக் கேள்வி எழுப்பினால், மனுவோடு, அந்தக் கேள்வியைச் சொல்லும் அறிவிப்பையும் உயர் நீதிமன்ற விதி 16ஏ-யின்படி பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். அது 20 நாள் நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் இருக்கும். சட்டத்தையே எதிர்த்தால் பொறுப்பான அரசுத் துறையையும் தரப்பாகச் சேர்க்க வேண்டும். இதில் ஒன்று விட்டாலும் வழக்கு தள்ளிப்போகும்.

மாகாண அரசமைப்பு இன்று வெஸ்டர்ன் கேப்பில் மட்டுமே நடப்பில் இருப்பதால், அதை வைத்து அதிகம் எடைபோட முடியாது. மாகாணத்துக்கென்று உள்ள நேர்வழி நாட்டு அரசமைப்பின் 122-ஆம் பிரிவு: முதல்வர் கையெழுத்திட்ட 30 நாளுக்குள், சட்டமன்றத்தில் 20 விழுக்காட்டினர், நம் 80 பேரில் 16 பேர், ஒப்பமிட்டால் புதிய மாகாணச் சட்டத்தை நேராக ஜோகன்னஸ்பர்க்குக் கொண்டுபோகலாம்.