ஆற்று மணலா, பெண்டோனைட்டா, டோஃபுவா? செட்டிநாட்டு வீட்டுப் பூனைக்கு எது சரி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டுக்குள் பூனை வளர்த்து, அது மலமும் சிறுநீரும் கழிக்கும் பெட்டிக்கு (லிட்டர் பாக்ஸ்) மண் வாங்கினால் ஆச்சிமார் கட்டாயம் கேட்பார்கள்: “மண்ணைப் போயி காசு குடுத்து வாங்குவாகளா?” நியாயமான கேள்விதான். அதனால் மணலிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் ஒன்று. இவ்வளவு காலம் லிட்டர் பாக்ஸில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பூனை திடீரென்று மெத்தையிலோ பட்டாசாலையிலோ சிறுநீர் கழித்தால், மண்ணை மாற்றுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதிலும் ஆண் பூனை அடிக்கடி போய் உட்கார்ந்து முக்குகிறது, சொட்டுதான் வருகிறது அல்லது வரவே இல்லை என்றால் சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சரி, மணல். வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை, வறண்ட நிலத்து விலங்கு. பொடியான மணலைக் கண்டால் தோண்டி மூடுவது அதற்குப் பிறவிக் குணம், அதனால் சலித்த ஆற்று மணலைப் பெரும்பாலான பூனைகள் மறுப்பதில்லை. சிக்கல் நமக்குத்தான். மலத்தை அள்ளிவிடலாம், சிறுநீர் நேராக அடியில் இறங்கித் தேங்கும், சித்திரை வெயிலில் அந்த அம்மோனியா நெடி வளவு முழுக்கப் பரவும். அதனால் மொத்த மணலையும் அடிக்கடி கொட்டி மாற்ற வேண்டும், அதுவும் கனமான வேலை. ஆற்று மணல் கிடைக்கவில்லை என்று எம் சாண்ட் போடுகிறவர்கள் உண்டு, அது உடைத்த பாறை, பாதத்துக்கு உறுத்தும். செம்மண் வேண்டவே வேண்டாம்: நனைந்தால் சேறு, அப்புறம் ஆத்தங்குடித் தளம் முழுக்கச் சிவப்புக் கால் தடம். தெருவோர மண்ணில் நாய், பூனைக் கழிவும் புழு முட்டையும் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெண்டோனைட் களிமண் நம் நாட்டிலேயே குஜராத்தின் கச்சிலும் ராஜஸ்தானின் பார்மரிலும் வெட்டி எடுக்கிறார்கள். ஈரம் பட்டதும் உப்பி உருண்டையாக இறுகிவிடும். இதுதான் மணலுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், காலுக்கு மணல் மாதிரியே இருக்கும், ஆனால் சிறுநீரும் கட்டியாக வந்துவிடுவதால் கரண்டியால் அதை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம். மூட்டை விலை முதலில் உறுத்தினாலும் இப்படிக் கணக்குப் பார்த்தால் பெரிய செலவில்லை. குறைகளும் உண்டு: தூசி பறக்கும், கனம், கழிப்பறையில் கொட்டினால் குழாய்க்குள் உப்பி அடைத்துக்கொள்ளும். நான்கு மாதத்துக்குட்பட்ட குட்டிகள் வாயில் போட்டுக்கொள்ளும், அவற்றுக்கு இது கூடாது. லாவெண்டர் வாசனை போட்ட மூட்டையை வாங்காதீர்கள், அந்த வாசனை நம் மூக்குக்காகப் போட்டது, நம்மைவிடப் பல மடங்கு மோப்பம் உள்ள பூனை அதை வெறுத்தே பெட்டியை விட்டு வெளியே போகலாம்.

டோஃபு லிட்டர் சோயாச் சக்கையில் செய்வது. லேசானது, தூசி குறைவு, குட்டிகளுக்கும் ஆபரேஷன் முடிந்த பூனைக்கும் நல்லது. ஆனால் குச்சி குச்சியாக இருப்பதால் சில பூனைகளுக்குக் கால் வைக்கவே பிடிக்காது, விலையும் கூடுதல். நம் ஊரில் இன்னொரு தொல்லை எறும்பு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் திறந்த மூட்டை பூஞ்சை பிடிக்கும், காற்றுப் புகாத டப்பா இருந்தால்தான் வாங்க வேண்டும்.

பட்டறை மரத்தூள் சும்மா கிடைக்கும், ஆனால் பாலிஷும் பிளைவுட் பசையும் கலந்திருக்கும். செய்தித்தாள் அவசரத்துக்கு மட்டும்.

என் தேர்வு வாசனையில்லாத பொடி பெண்டோனைட், அடுத்து சலித்த ஆற்று மணல், குட்டி, ஆபரேஷன் முடிந்த பூனை என்றால் மட்டும் டோஃபு.

மண்ணைவிட முக்கியம், அதை எங்கே வைக்கிறோம் என்பது. நம் வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். முகப்பில் படுத்திருக்கும் பூனை, கூட்டமும் சத்தமுமாக இருக்கும் நேரத்தில் இரண்டு கட்டு தாண்டிப் பின்கட்டுக்குப் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி அத்தனை பெட்டி வைக்கச் சொல்கிறார்கள், ஒரு பூனைக்கு இரண்டு. முன்பக்கம் ஒன்று, பின்கட்டில் ஒன்று என்று வையுங்கள், சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். முற்றத்தில் வைப்பது வசதியாகத் தெரியும், ஆனால் மழை பெய்தால் பெண்டோனைட் களியாகிவிடும், ஓட்டு வழியாக வரும் தெருக் கடுவன் அங்கே மோப்பம் பிடித்துவிட்டுப் போனால் நம் பூனை பதிலுக்குத் தூணில் பீய்ச்சத் தொடங்கும். அது பெட்டிப் பிரச்சினையே இல்லை, கருத்தடை செய்யாத ஆண் என்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

மூடி போட்ட பெட்டியா, திறந்ததா? திறந்ததுதான். மூடிக்குள் நெடியும் புழுக்கமும் தங்கும், நமக்கு வெளியே தெரியாததால் அள்ளவும் மறந்துவிடுவோம். பூனையின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு பெரிய பிளாஸ்டிக் டப் போதும், மண் இரண்டு அங்குல உயரம், தினமும் அள்ள வேண்டும். பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருந்தால் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், தினமும் அள்ளுவதற்கு அதுவும் ஒரு காரணம். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

தரையில் ஏற்கெனவே போய்விட்டதா? வினிகர், எலுமிச்சை எல்லாம் ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆகாது, அது சிமென்ட், அமிலம் பட்டால் அரித்துப் பளபளப்புப் போய்விடும். ஃபினைல் பூனைக்கு விஷம். பிளீச்சிங் பவுடர் சிறுநீரோடு சேர்ந்தால் கெட்ட வாயு கிளம்பும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, செல்லப் பிராணிகளுக்கென விற்கும் என்சைம் கிளீனரை ஊற்றி ஊற விடுங்கள், நெடி மிச்சமிருந்தால் பூனை அதே இடத்துக்குத் திரும்ப வரும்.

எந்த மண் என்று இன்னும் குழப்பமாக இருந்தால் இரண்டு டப்பில் இரண்டு வகை போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதில் அதிகம் போகிறதோ அதையே வாங்குங்கள், தள்ளுபடி என்று அடுத்த மாதம் வேறு மூட்டைக்குத் தாவாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள்.