புது ரேஷன் கார்டு: விண்ணப்பத்தில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது?

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்ததும் ரேஷன் கார்டுக்காக தாலுகா ஆபீஸ் போனோம். எதிரிலேயே ஒரு ஜெராக்ஸ் கடை. "எதுக்கும்மா அலையறீங்க? 3,500 ஆகும், பிஎச்எச் கார்டாவே வாங்கித் தர்றேன். இப்ப 2,000 குடுங்க, மீதி கார்டு வந்ததும்" என்றார் கடைக்காரர். பிஎச்எச், அதாவது முன்னுரிமைக் குடும்ப அட்டை, இருந்தால்தான் இலவச அரிசி, மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் எல்லாம் கிடைக்கும் என்று வேறு சொன்னார். நம்பிவிட்டேன்.

அது சுத்தப் பொய். தமிழ்நாட்டில் என்பிஎச்எச் என்னும் முன்னுரிமை இல்லாத அரிசி அட்டைக்கும் அரிசி இலவசம்தான். பருப்பு 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய் என்பதும் இரண்டுக்கும் ஒன்றே. மிக ஏழைக் குடும்பங்களுக்கான, 35 கிலோ அரிசி வாங்கும் அந்தியோதயா அட்டை வேறு கணக்கு. உரிமைத் தொகைக்கு 21 வயது, ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்று தனி வரையறைகள் உண்டு, பிஎச்எச்சா என்று அங்கே பார்ப்பதில்லை. விண்ணப்பத்தில் நாம் தேர்ந்தெடுப்பது அரிசி அட்டையா, சர்க்கரை அட்டையா, பொருளில்லா அட்டையா என்பதைத்தான். பிஎச்எச் என்று முடிவு செய்வது அதிகாரிகள், ஜெராக்ஸ் கடை இல்லை.

ஆனால் என்னை முழுசாகக் கவிழ்த்தது போன் நம்பர். "ஓடிபி வந்தா உங்களைத் தேடிட்டு இருக்க முடியாதும்மா" என்று விண்ணப்பத்தில் தன்னுடைய நம்பரைப் போட்டுக்கொண்டார். குறிப்பு எண்ணும் மெசேஜும் எல்லாம் அவருக்கே போனது. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் "பிரிண்ட்ல இருக்கு, அடுத்த வாரம் வாங்க". எத்தனை அடுத்த வாரம்!

ஐந்தாவது மாதம் கார்டு வந்தது. மீதி 1,500-ஐ வாங்கிக்கொண்டு கொடுத்தார். பளபளவென்று என் வீட்டுக்காரர் போட்டோவோடு இருந்தது. ரேஷன் கடை விற்பனையாளர் அதை மெஷினில் காட்டினார், வேறு யாரோ ஒரு குடும்பத் தலைவர் பெயர் வந்தது. புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு இன்னொரு முறை காட்டினார். அதே பெயர். "ஏம்மா, யார் கார்டு இது?" என்று அவர் கேட்டபோது பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்த பார்வை இருக்கிறதே, திருடியைப் பார்ப்பது போல.

மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமுக்குப் போனேன். ஆதார் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள், என் விண்ணப்பம் எப்போதோ நிராகரிக்கப்பட்டுவிட்டது. காரணம், என் பெயர் இன்னும் அப்பா கார்டில் இருந்தது. பிறந்த வீட்டுக் கார்டில் பெயர் நீக்காமல் புது கார்டு கிடையாது. இது அந்தக் கடைக்காரருக்குத் தெரியாதா என்ன! போலிக் கார்டை வட்ட வழங்கல் அலுவலரிடம் ஒப்படைத்து எழுதியும் கொடுத்தேன்.

அப்பா தன் போனில் ஓடிபி வாங்கி தமிழ்நாடு பொது விநியோகத் திட்டத்தின் டிஎன்பிடிஎஸ் இணையதளத்தில் என் பெயரை நீக்கினார். பிறகு நானே உட்கார்ந்து ஆதார், வாடகை ஒப்பந்தம், கேஸ் புத்தகத்தின் முதல் பக்கம், போட்டோ எல்லாம் ஏற்றினேன். என் நம்பர்தான் போட்டேன். கட்டணம் ஒரு பைசா இல்லை. வீட்டுக்கு வந்து தனிச் சமையலா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் குறிப்பு எண்ணை வைத்து அதே தளத்தில் பார்த்துக்கொண்டேன். இழுத்தடித்தால் 1967 என்ற உதவி எண்ணுக்கு போன் செய்து கேட்கலாம்.

கார்டு வந்துவிட்டது. என்பிஎச்எச்தான், அரிசி கிடைக்கிறது. கொடுத்த 3,500-ல் சண்டை போட்டு 1,000 வாங்கினேன். மீதிக்கு இன்னமும் "அடுத்த வாரம் வாங்கம்மா"தான்.