ஏர்திங்ஸ் கொரென்டியம் ஹோம்: பாலாற்றங்கரை வீட்டில் வைத்துப் பார்த்த ரேடான் கருவி

பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம் பக்கம் ஆற்றை ஒட்டி வீடு இருப்பவர்கள், வீட்டுக் காற்றில் உள்ள ரேடான் வாயுவை அளக்கும் இந்தக் கருவியை வாங்கலாமா? கீழ்த்தளத்தில் ஏசி போட்டுக் கதவைச் சாத்திப் படுப்பவர்கள் கட்டாயம் வாங்கலாம். எந்நேரமும் சன்னல் திறந்தே கிடக்கும் வீடு, மாடி வீடு என்றால் அவசரமில்லை.

ரேடான் நிறமோ மணமோ இல்லாத கதிரியக்க வாயு. பாறையிலும் மண்ணிலும் உள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து இது வருகிறது. வேலூரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கருங்கல் மலைதான், கருங்கல்லில் யுரேனியம் கொஞ்சமாவது இருக்கும். தரை வெடிப்பு, குழாய் இறங்கும் ஓட்டை வழியாக உள்ளே ஏறி, காற்றோட்டம் இல்லாவிட்டால் அங்கேயே தங்கிவிடும். பலர் சமையல் மேடை கிரானைட்டைத்தான் சந்தேகப்படுகிறார்கள், ஆனால் பெரும்பாலும் வீட்டுக்கு அடியில் இருக்கிற மண்தான் காரணம். பல நாடுகளில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த காரணம் இதுதான், பீடி சிகரெட் பிடிப்பவருக்கு ஆபத்து பல மடங்கு.

கருவி உள்ளங்கை அளவு. மூன்று சிறிய பேட்டரி போட்டு மேசையில் வைத்தால் போதும், வைஃபை வேண்டாம், செல்போன் வேண்டாம். ஒரு நாள் சராசரி, ஏழு நாள் சராசரி, அதற்கு மேலே நீண்டகாலச் சராசரி என்று எண்களைக் காட்டும். ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள், அது மழைக்கும் காற்றுக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நீண்டகாலச் சராசரிதான் முக்கியம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது கன மீட்டர் காற்றுக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு), அது முடியாத இடங்களிலும் 300-ஐத் தாண்டக்கூடாது.

குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் வீட்டை மூடி வைப்பதால் ரேடான் கூடும் என்று படித்திருக்கிறேன். நம் ஊரில் மூடி வைக்கிற காலம் கத்திரி வெயில்தான்! ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, அறையில் இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கும். எங்கள் வீட்டில் ஏசி ஓடிய நாட்களில் எண் 100-ஐத் தாண்டியிருக்கிறது, காலையிலும் மாலையிலும் எதிரெதிர் சன்னல்களைத் திறந்துவைக்க ஆரம்பித்த பிறகு பாதிக்கும் கீழே வந்தது. தரை வெடிப்புகளையும் சிமெண்ட் வைத்து அடைத்தோம், அதனால் எவ்வளவு குறைந்தது என்று தனியாகச் சொல்ல முடியாது.

வாங்கும்போது அலகைப் பாருங்கள். அமெரிக்காவில் இருந்து யாராவது வாங்கிவந்தால் லிட்டருக்கு இத்தனை பிகோகியூரி என்று வேறு அலகில் காட்டும், அதை 37-ஆல் பெருக்கினால் கன மீட்டருக்கு எத்தனை பெக்கரல் என்று வரும். அங்கே நடவடிக்கை எடுக்கச் சொல்லும் அளவு 4, அதாவது 148 பெக்கரல்.

குறை என்றால், தமிழில் கையேடு இல்லை. பழைய எண்களை நாள்வாரியாகத் திரும்பப் பார்க்கவும் வழியில்லை, நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டியதுதான். விலையும் ஒரு குடும்பத்துக்குக் கூடுதல். அதனால் தெருவுக்கு ஒன்று வாங்கிச் சுற்றில் விடுங்கள் என்பேன். ஒவ்வொரு வீட்டிலும் கருவியின் பின்பக்க ஓட்டையில் குண்டூசியால் அழுத்தி பழைய கணக்கை அழித்துவிட்டு, படுக்கை அறையில் சுவரையும் சன்னலையும் விட்டுத் தள்ளி, ஒரு மாதமாவது வைக்க வேண்டும். எதிர்வீட்டுப் பெரியம்மா, "நம்ம ரூம்லயும் வெச்சுப் பாருப்பா, பேரப்புள்ள அங்கதான் தூங்குது" என்று கேட்டார், இப்போது கருவி அங்கேதான் இருக்கிறது.