சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி ஃப்ளைட்: 18 மணி நேரத்துக்கு மேல ஒரே சீட்டுல

அம்மாவ கூட்டிட்டு சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட நேரடி ஃப்ளைட்ல நியூயார்க் ஜேஎஃப்கே ஏர்போர்ட்டுக்கு போயிட்டு வந்தோம். நேர்கோட்டு தூரமே சுமார் 15,300 கிமீ, உலகத்துலயே ரொம்ப நீளமான ரூட்டு இதுதான், ஒரு பக்கத்துக்கே பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல ஆகும்.

ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர்னு இதுக்குன்னே செஞ்ச விமானம், 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். மொத்தம் 161 சீட்டுதான், எகானமியே கிடையாது, பிரீமியம் எகானமியும் பிசினஸும் மட்டும், அதனால டிக்கெட் விலை கையக் கடிக்கும், அத மொதல்லயே சொல்லிடுறேன். மேப்ப பாத்தா வடதுருவம் பக்கம்தான் கிட்டத்து வழி, ஆனா நாங்க போனது பசிபிக் மேல, தூரம் கூடுனாலும் பின்னால இருந்து காத்து தள்ளுறதால அதுதான் பல நாள் சீக்கிரமாம்.

ராத்திரி 12 மணி வாக்குல ஏறுனோம், இறங்கும்போது அங்க அதே நாள் விடியக்காலை! கோடையில 12 மணி நேர வித்தியாசம், பகலும் ராத்திரியும் அப்படியே தலைகீழ், சரியா தூக்கம் வர எனக்கு நாலு நாள் ஆச்சு.

ஜெர்மனியில இருக்குற ஃப்ராங்க்ஃபர்ட் வழியா போனா 24 மணி நேரம் கிட்ட ஆகும், எகானமியும் உண்டு, தனியா போறதா இருந்தா நான் அதத்தான் எடுப்பேன். ஆனா முட்டி வலி இருக்குற அம்மாவ நடுவுல எறக்கி ஏத்தாம கூட்டிட்டு போனதுக்கு இந்தக் காசு தகும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுந்து நடங்க, தண்ணி நெறைய குடிங்க.