பாம்பன் கடைக் கயிறும் ஒரு கத்திரிக்கோலும்: கட்டி விளையாடும் இணையருக்கான மதிப்பீடு

கிங்க் எனப்படும், வழக்கத்துக்கு மாறான பாலியல் விளையாட்டில் ஒருவரையொருவர் கயிற்றால் கட்டிப் பார்க்க விரும்பும் வயதுவந்த இணையருக்காக இதை எழுதுகிறேன். பாம்பனில் விசைப்படகுகளுக்கு வலையும் மிதவையும் விற்கும் ஒரு கடையில் நானும் என் மனைவியும் கயிறு வாங்கினோம். கடற்கரை ஊரில் கயிறு வாங்குபவரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்பது இக்கடையின் பெரிய வசதி. "எந்த வேலைக்குண்ணே?" என்று கேட்ட கடைக்காரர், "வீட்டுக்கு" என்றதும் எடைபோட்டுக் கொடுத்துவிட்டார்.

தேங்காய் நார்க் கயிறு தோலைக் கீறும். அதைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை. பிபி (பாலிப்ரொப்பிலீன்) என்ற பிளாஸ்டிக் கயிறு மலிவானது, ஆனால் முடிச்சு நழுவும். தோலின் மேல் வேகமாக இழுத்தால் சூடேறிப் புண்ணாக்கிவிடும். நைலான்தான் ஏமாற்றும் சரக்கு. கைக்கு வழுவழுப்பாக இருப்பதால் மனம் அதன் மேல் போகிறது; ஆனால் இழுவிசையில் அது நீள்வதால், கட்டுண்டவர் சற்றுத் திமிறினாலும் முடிச்சு இறுகி, நகத்தால் நெம்பினாலும் அசையாது. பருத்திக் கயிற்றை ராமநாதபுரம் கடைத்தெருவில் வாங்கினோம். 8 மி.மீ. தடிமனுள்ள அது அழுத்தத்தைப் பரப்பி, முடிச்சையும் பிடித்து நிறுத்துகிறது. எங்கள் ஓட்டு அதற்கே. வியர்வையில் நனைந்தால் அதுவும் இறுகும் என்பதால், கடற்கரைப் புழுக்கத்தில் மின்விசிறி இல்லாமல் தொடங்குவதில்லை. படகில் பயன்படுத்திய பழைய கயிறு சும்மா கிடைத்தாலும் வேண்டாம். உப்பும் மணலும் மீன் கழிவும் ஊறிய கயிறு, உரசிய தோலில் சீழ் பிடிக்க வைக்கும்.

கயிற்றை விட நான் அதிகம் பரிந்துரைப்பது, மருந்துக்கடையில் வாங்கிய, காயக்கட்டு வெட்டும் கத்திரிக்கோலைத்தான். அதன் கீழ் அலகு மழுங்கிய நுனியோடு வளைந்திருப்பதால், தோலுக்கும் கயிற்றுக்கும் இடையே செருகினாலும் குத்தாது. உருட்டிய துண்டின் மேல் கயிற்றை இரட்டையாகச் சுற்றி வெட்டிப் பார்த்தோம். பருத்தி ஒரே அழுத்தில் அறுந்தது; நைலான் அலகுகளுக்கு இடையே வழுக்கி, பலமுறை அழுத்திய பிறகே விட்டது. வலை அறுக்கும் கத்தியைப் பதற்றத்தில் தோலருகே கொண்டுபோவது ஆபத்து.

இவ்வளவு ஏன் என்றால், நரம்பு காத்திருக்காது. மேற்கையின் பின்புறமாகச் சுற்றி வரும் ஆர நரம்பு, அங்கே எலும்பையொட்டி ஓடுவதால் எளிதில் நசுங்கும். நசுங்கினால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிவிடும், தேற வாரங்களோ மாதங்களோ ஆகலாம். கை நீலமாவது இரத்த ஓட்டம் தடைபடுவதன் அறிகுறி. நரம்போ நிறம் மாறாமலேயே கெடலாம். ஆகவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை மணிக்கட்டை மேலே தூக்கவும் கட்டைவிரலை விரிக்கவும் சொல்லிப் பார்க்கிறோம்; மரமரப்போ சுருக்கென்ற வலியோ வந்தால் உடனே அவிழ்க்கிறோம். நீரிழிவால் உணர்ச்சி மங்கியவர்கள் இந்தச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது.

1999-இல் அமெரிக்க கிங்க் வட்டாரங்களில், ஆபத்தை அறிந்தே ஒப்புதல் தருவது என்ற கொள்கை முன்வைக்கப்பட்டது. ஆபத்தே இல்லாத கட்டு கிடையாது என்பதால் எனக்கு அது நேர்மையாகப் படுகிறது. அறிவது என்றால் ஊரையும் சேர்த்துத்தான். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 55 கி.மீ.; பாம்பன் சாலைப் பாலத்தைக் கடந்தே போக வேண்டும். ஆகவே தொங்கவிடுவது, கழுத்தில் கயிறு, குப்புறப் படுக்கவைத்துக் கட்டுவது மூன்றும் எங்களுக்குக் கிடையாது. குடித்திருந்தால் கயிற்றையே எடுப்பதில்லை. கட்டுண்டவரைத் தனியே விட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கக்கூடப் போவதில்லை. பச்சை (தொடரலாம்), மஞ்சள் (மெதுவாக), சிவப்பு (உடனே நிறுத்து) என்ற சொற்களை முன்பே பேசி வைத்திருக்கிறோம். வாய் பேச முடியாத நிலை என்றால் கையில் ஒரு சாவிக்கொத்து, அது விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

கயிறு வாங்கும்போது தேவைக்கு மேல் சில மீட்டர் கூடுதலாகவே வாங்குங்கள். கத்திரிக்கோலை எடுக்கும் நேரத்தில் கயிற்றின் விலை நினைவுக்கு வந்து கை தயங்கக் கூடாது.