சின்ன கம்பெனிக்குத் தனி பேக்கப் சர்வர்: சில வருடம் ஓட்டிய பிறகு

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைகளை நான்தான் பார்க்கிறேன். டேலி கணக்கு, கட்டிங் பிரிவின் மார்க்கர் ஃபைல்கள் (துணி வெட்டும் வரைபடங்கள்), எம்பிராய்டரி டிசைன்கள், பையர்களோடு பல வருடமாகப் போய்வந்த அவுட்லுக் மெயில்கள் என்று தொலைந்தால் திரும்பக் கிடைக்காத சமாச்சாரம் நிறைய இருக்கிறது. இதற்கென்றே தனியாக ஒரு பேக்கப் சர்வர் வைத்துச் சில வருடம் ஆகிவிட்டது. வைக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் எத்தனை டெராபைட் டிஸ்க் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு மெஷின் படுத்துவிட்டால் அந்த ஆள் எத்தனை மணி நேரத்தில் மறுபடி வேலையில் உட்கார வேண்டும் என்பதை முதலாளியிடம் கேளுங்கள், மற்ற முடிவுகள் அதை ஒட்டியே வந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 மெகாபைட் கிடைத்தால் நல்ல வேகம், அந்த வேகத்தில் 1 டெராபைட் திரும்பி வர இரண்டரை மணி நேரம் ஆகும். நடுவில் பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் ஒன்று உட்கார்ந்திருந்தால் அதே வேலை ஒரு முழு நாளைத் தின்றுவிடும். கேபிளையும் பார்க்க வேண்டும். 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் போதும், கிகாபிட்டுக்கு நீலமும் பழுப்பும் சேர்ந்து எட்டுக் கம்பியும் தேவை, நீலம், பழுப்பு ஜோடிகளில் ஒரு கம்பி சரியாகக் கடிக்காவிட்டாலும் லிங்க் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும், நெட் ஓடிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் தெரியாது. எங்கள் ஸ்டோர்ஸ் லைன் அப்படித்தான் கிடந்தது. ஸ்விட்சில் அந்த போர்ட்டின் விளக்கு மட்டும் வேறு நிறத்தில் எரிந்தது, முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் பண்ணியதும் சரியாகிவிட்டது.

சர்வர் ஒன்றும் பெரிய மெஷின் இல்லை. ஈசிசி மெமரி (சின்னப் பிழைகளைத் தானே திருத்தும் வகை) உள்ள பழைய வொர்க்ஸ்டேஷன், அதில் டெபியன் என்ற லினக்ஸ், ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் வைக்கும் இசட்எஃப்எஸ் மிரர், அதன்மேல் அர்பேக்கப் என்ற பேக்கப் மென்பொருள். டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் வகையா (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏற்றி எழுதுவது) சிஎம்ஆர் வகையா (தடங்களைத் தனித்தனியாக எழுதுவது) என்று விவரத் தாளில் பார்த்து வாங்குங்கள், எஸ்எம்ஆர் டிஸ்க்கில் மிரரைத் திரும்பக் கட்டுவது ரொம்ப இழுக்கும். மாதா மாதம் இரண்டாவது ஞாயிறு டெபியனே ஸ்க்ரப் ஓட்டி ஒவ்வொரு பிளாக்கையும் படித்துச் சரிபார்க்கும், நாம் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை. இங்கே மில்லுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஃபேனில் பஞ்சு அடைக்கிறது, ப்ளோயர் போடுவதை மட்டும் தவறவிடுவதில்லை.

நான் அர்பேக்கப்பை எடுத்ததற்குக் காரணம், அதில் சர்வர்தான் ஒவ்வொரு கம்ப்யூட்டரிடமும் போய் டேட்டாவை இழுத்துக்கொள்கிறது. சர்வரில் ஷேர் ஃபோல்டரே கிடையாது. பல கம்பெனிகளில் இசட் டிரைவ் என்று ஒன்றை மேப் பண்ணி அதில் காப்பி போட்டு வைத்திருப்பார்கள், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால் சி டிரைவோடு சேர்ந்து அதுவும் பூட்டிக்கொள்ளும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியது விண்டோஸின் பழைய ஃபைல் ஷேரிங் ஓட்டை வழியாகத்தான், அதற்கான பேட்ச் மார்ச்சிலேயே வந்திருந்தும் போடாத மெஷின்கள் அத்தனை இருந்தன. அதனால் சர்வரின் பாஸ்வேர்டு வேறெங்கும் பயன்படாத தனி பாஸ்வேர்டு, தினம் ஒரு இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவை அப்படியே பிடித்து வைப்பது) வேறு. இந்த விஷயத்தில் நான் கறாராகவே இருக்கிறேன், அவசரத்துக்கு ஒரு ஷேர் திறந்து கொடுங்கள் என்று யார் கேட்டாலும் கொடுப்பதில்லை.

அக்கவுன்ட்ஸ் மெஷினின் எஸ்எஸ்டி ஒரு காலையில் பயாஸிலேயே தெரியவில்லை. புது எஸ்எஸ்டி மாட்டி, ரீஸ்டோர் பென்டிரைவில் பூட் செய்து, பழைய டிஸ்க்கின் முழு நகலான இமேஜை இறக்கினோம், மதியச் சாப்பாட்டுக்குள் டேலி திறந்துவிட்டது. புது டிஸ்க் பழையதன் அளவாவது இருக்க வேண்டும் என்பதால் கையில் பெரிய எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இமேஜ் சில நாள் பழசு, ஆனால் டேலி ஃபோல்டர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை தனியாக பேக்கப் ஆகிறது, அதை மேலே போட்டதும் அக்கவுன்ட்ஸ் அக்கா டே புக்கைத் திறந்து பார்த்துவிட்டு "நேத்து சாயங்காலம் போட்ட பில் வரைக்கும் இருக்குங்க" என்றார். அந்த நாளுக்கு முன்பே காலாண்டுக்கு ஒருமுறை வேறு மெஷினில் இறக்கித் திறந்து பார்க்கும் பழக்கம் இருந்ததால் கை நடுங்கவில்லை. பேக்கப் ஓடியது என்று பச்சை டிக் காட்டுவதை மட்டும் நம்பி யாரும் இருக்காதீர்கள்.

குறை இல்லாமலும் இல்லை. அவுட்லுக் மெயில்களை மொத்தமாகச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி ஃபைல் பெரிய தொல்லை. ஒரே ஒரு மெயில் வந்தாலும் ஃபைல் மாறிவிட்டதாகக் கணக்கு, எங்கள் அமைப்பில் இருபது ஜிபி ஃபைல் முழுசாக இன்னொரு தடவை சேரும். பழைய வருட மெயில்களைத் தனி பிஎஸ்டியாகப் பிரித்து வைத்த பிறகுதான் டிஸ்க் நிரம்பும் வேகம் குறைந்தது. டிஸ்க் அளவைத் திட்டமிடும்போது இப்போது இருக்கும் டேட்டாவைப் போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், பிஎஸ்டி நிறைய இருந்தால் அதுவும் போதாது.

யுபிஎஸ் கட்டாயம். அதன் யுஎஸ்பி கேபிளை சர்வரில் மாட்டி, பேட்டரி இறங்கும்போது சர்வர் தானே ஒழுங்காக ஷட்டவுன் ஆகும்படி யுபிஎஸ்ஸைக் கவனிக்கும் நட் (NUT) மென்பொருளைப் போட்டுவிடுங்கள். எல்லாம் ஒரே கட்டடத்தில் இருப்பதால், தீயோ இடியோ வந்தால் என்ன செய்வது என்பதற்காக என்கிரிப்ட் செய்த இரண்டு யுஎஸ்பி டிஸ்க்குகளை வாரம் மாற்றி வாரம் முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போகிறார். ஆள் மறந்தால் அந்த வாரம் வெளியே காப்பி இல்லை என்பதுதான் இதில் இருக்கும் ஓட்டை, அதனால் அடுத்து இரண்டாவது யூனிட்டில் இதே மாதிரி ஒரு சின்ன மெஷின் வைத்து ராத்திரியில் ஸ்னாப்ஷாட்டுகளை அங்கே அனுப்பப் போகிறேன், பட்ஜெட்டுக்கு முதலாளி சரி சொல்லிவிட்டார்.